நீலப் புகையும் நமது அவசரத் தீர்ப்பும்

சென்ற இதழில் பழைய கார்களைப் பேணும் முறை பற்றி எழுதியபோது, சைலன்ஸரில் நீலப் புகை கண்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று கொள்க என ஒரே வரியில் முடித்திருந்தோம். அவ்வரி பாதி உண்மையே. அப்பாதி உண்மையால் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று பெரும்பொருளை இழக்க இருந்தது. ஆதலின், நேயர்களிடம் பொறுப்பு வேண்டி, அப்பிழையைத் திருத்துவதை இம்மாதத்தின் முதற் கடமையாகக் கொண்டோம்.

சாந்திபுரத்தில் நமக்கு அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வசிக்கின்றார். அவரிடம் இருப்பது பெட்ரோலில் ஓடும் பழைய அம்பாஸடர். அவருடைய துணைவியார் சிகிச்சைக்காக மாதம் இருமுறை வேலூர் சென்று வரவேண்டும். பேருந்தில் நெடுநேரம் அமர அவ்வம்மையாரால் இயலாது. அந்தக் கார்தான் அவர்களுக்குக் கால். அது புகைவிடத் தொடங்கவே, பட்டறைக்காரர் ஒருவர், “எஞ்சினை இறக்கிப் போர் போடவேண்டும், 60,000 ரூபாய் ஆகும்” என்றார். ஆசிரியர் நமது பகுதியை எடுத்துப் புரட்டினார். அதுவும் அதையே சொல்லிற்று. வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அடகுக் கடைக்குப் புறப்பட்டவர், வழியில் நம்மைக் கண்டு, “தம்பி, நீங்கள் எழுதியபடியே ஆகிவிட்டது” என்றார். நமக்குச் சுருக்கென்றது.

“ஐயா, இரண்டு நாள் பொறுங்கள். எப்போது புகைகிறது, அதைச் சொல்லுங்கள்” என்று கேட்டோம்.

“திருமலையிலிருந்து இறங்கி அலிபிரி வந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின்னால் ஒரு நீல மேகமே எழுந்தது. சற்று தூரம் சென்றதும் மறைந்துவிட்டது.”

“திரும்பும்போது மொகிலி மலைப்பாதையில் ஏறினீர்களே, அங்கே?”

“அங்கே ஒன்றும் காணோம், தம்பி. காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது மட்டும் கொஞ்சம் வரும்.”

இவ்விரு மலைப்பாதைகளும் சேர்ந்து நோயின் இருப்பிடத்தை ஏறக்குறையச் சொல்லிவிட்டன. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944இலும் இரண்டாவது 1974இலும் திறக்கப்பட்டன. இன்று ஏறுவதற்கு இரண்டாவது, இறங்குவதற்கு முதலாவது. வளைவுக்கு வளைவு கியரைப் பிடித்து இறங்குகையில் ஓட்டுநரின் கால் ஆக்ஸிலேட்டரில் இராது. கார்புரேட்டரின் வாயில் மூடியிருக்கும். பிஸ்டன்களோ இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றுக்கு வழியில்லாமையால் உள்ளே வலிய உறிஞ்சல் உண்டாகும். வால்வுத் தண்டு ஏறியிறங்கும் கைடு தேய்ந்திருந்தாலும், அதன்மேலுள்ள ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருந்தாலும், அந்த உறிஞ்சல் மேலிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துவிடும். அடிவாரத்தில் மிதித்தவுடன் சேர்ந்த எண்ணெயெல்லாம் எரிந்து நீலமாய் வெளிப்படும். இரவெல்லாம் நிற்கும் வண்டியில் எண்ணெய் சொட்டுச் சொட்டாய்க் கீழிறங்குவதால் காலைப் புகையும் அவ்வாறே. ரிங்கும் போரும் தேய்ந்த எஞ்சினோ பாரம் இழுக்கையில், அதாவது மேட்டில் ஏறுகையில், ஓயாது புகையும்.

ஆயினும் அறிகுறி மட்டும் தீர்ப்பாகாது. தேய்ந்த ரிங்கும் சிலவேளை இறக்கத்தில் எண்ணெயை விடும். சோதித்துப் பார்த்தலே முறை. வேறொரு பட்டறையில் சூடான எஞ்சினின் நான்கு பிளக்குகளையும் கழற்றி, கம்ப்ரெஷன் மானியைப் பொருத்திப் பார்த்தோம். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. ஏதேனும் ஒன்று தாழ்ந்திருப்பின், அதனுள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவேண்டும். அளவு உயர்ந்தால் ரிங்கில் குறை. உயராவிடில் வால்வு இருக்கையிலோ ஹெட் காஸ்கெட்டிலோ குறை. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தும் பார்த்தோம். ரிங் போன வண்டியில் அங்கிருந்து குபுகுபுவெனப் புகை வரும், இதில் வரவில்லை.

முடிவு யாதெனில், ஹெட்டை மட்டும் கழற்றி இரு கைடுகளையும் எல்லாச் சீல்களையும் மாற்றினார்கள். எஞ்சினை இறக்கவேயில்லை. கூலியோடு 9,000 ரூபாய்க்குள் அடங்கிற்று. வளையல்கள் வீடு திரும்பின.

நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. நீலம் எண்ணெயின் நிறம். கருமை பெட்ரோல் மிகுதியின் நிறம். அடைபட்ட காற்று வடிகட்டியையும், திறவாது நின்ற சோக்கையும் முதலில் பார்க்க. குளிர்காலக் காலையில் வரும் வெண்மை வெறும் நீராவி. சூடான பின்பும் அது நில்லாது, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்துவந்தால் ஹெட் காஸ்கெட் பழுதென்று ஐயுற்று, வண்டியை மேலும் ஓட்டாது நிறுத்துக. நீராவி எஞ்சின் காலத்தில் ஓட்டுநர்கள் புகைபோக்கியைப் பார்த்தே நெருப்பின் நிலையை அறிந்தார்கள் என்று நம் இலாகாவின் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காருக்கும் அக்கண் வேண்டும்.

பட்டறைக்குச் செல்லுமுன் செலவில்லாத மூன்று காரியங்கள் உண்டு. அளவுக் கம்பியைப் பார்த்து, எண்ணெய் மேற்கோட்டைத் தாண்டியிருந்தால் குறைக்க, மிகுதியும் புகையாகும். பிரீதர் குழாய் அடைபட்டிருந்தால் துடைக்க. இரவில் வண்டியின் அடியில் அட்டையொன்று விரிக்க; எண்ணெய் எரியாமல் ஒழுகியே குறைவதும் உண்டு. பின்னர் ஒரு நோட்டில் கிலோமீட்டரையும் ஊற்றிய எண்ணெயையும் குறித்து வருக. பழைய எஞ்சின் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகக் குடித்தால் உடனே அஞ்சவேண்டியதில்லை. அளவு மாதாமாதம் ஏறுகிறதா என்பதே கவனிக்கத்தக்கது. அம்பாஸடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டமையால், இருக்கும் எஞ்சினைக் காப்பது இன்னும் அவசியமாயிற்று. அதற்காகப் புகையைப் பொருட்படுத்தாது ஓட்டவும் கூடாது. பின்னால் வருவோரும் மூச்சு விடவேண்டியவர்களே.

எஞ்சினைத் திறக்கவேண்டும் என்று யார் சொன்னாலும், “எந்தச் சோதனையைக் கொண்டு சொல்கிறீர்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். நாம் எழுதினாலும் அவ்வாறே கேளுங்கள்.