ரௌட்டரிற் காவல்

இணைய வழியிற் காவல் எற்றுக்கு என்பார்க்குக் கூடங்குளம் விடை பகரும். அவ்வணுமின் நிலையத்தின் அலுவலகக் கணினியொன்றில் தீய நிரல் புகுந்தது. 2019 செப்டம்பர் 4-ஆம் நாள் அதனைக் கண்டறிவித்தது வெளியிலிருந்த செர்ட்-இன் என்னும் மத்திய சர்க்கார் அமைப்பே. உலையை இயக்கும் கணினிகள் தனித்திருந்தமையின் அவற்றிற்குக் கேடில்லை என நிர்வாகத்தார் உரைத்தனர். பிறர் சொல்லி அறிவதினும் நாமே அறிதல் நன்று. ஆதலின், நம் கலாசாலை ரௌட்டரிலும் போக்குவரத்தை இரவும் பகலும் தானே நோக்குங் கருவி அவசியமென்பது நம் துணிபு.

எனினும், அக்கருவி எதுகாறும் நோக்கலாம்? சிஸ்கோ நிறுவனத்தார் 1996-ல் வெளியிட்ட நெட்ஃப்ளோ முறை, செய்தி எங்கிருந்து எங்கு, எப்பொழுது, எவ்வளவு சென்றதென்றே குறிக்கும், உட்பொருளைப் படியாது. நள்ளிரவில் ஒரு கணினி அயலிடத்திற்கு அளவிறந்து அனுப்புமாயின், அதனைக் காட்ட இதுவே சாலும். நெய்க்காரப்பட்டித் தபாற்காரர் விலாசம் பார்ப்பாரன்றிக் கடிதத்தைப் பிரியார்.

ஆயினும், விலாசங்களைத் தொகுத்தாலே ஒருவர் மனம் புலப்படும். அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துளது. ஆகவே, குறிப்புகளைக் காண்போர் யாவர், அவை எத்தனை நாள் வைக்கப்படும் என்பவற்றை மாணாக்கர் அறிய எழுதி வெளியிடுமாறு நிர்வாகத்தாரை வேண்டுகின்றோம்.