மிச்சம் வைத்த சிறுநீரகம்

“கட்டியை மட்டும் எடுத்துட்டோம், கிட்னியைக் காப்பாத்தியாச்சு.” அறுவை அரங்கின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு இதைவிட இனிய சொல் இல்லை. நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட புற்றுக்கட்டி என்றால், முடிந்தவரை சிறுநீரகத்தின் ஒரு பகுதியை மட்டும் அகற்றுவதே இன்று உலகெங்கும் முதல் தேர்வு. ஆனால், காப்பாற்றும் வேலை அரங்கோடு முடிவதில்லை. நம் கவனம்தான் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அப்படிப்பட்ட உறுப்பை வெட்டும்போது ரத்தம் பீறிடாமலிருக்க, அதன் தமனியைக் கவ்வியால் சிறிது நேரம் அடைக்கிறார்கள். 25 நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நேரம் நீளும் எனத் தெரிந்தால், பொடித்த பனிக்கட்டியால் சிறுநீரகத்தைச் சூழ்ந்து குளிரவைப்பதும் உண்டு.

கூடுதல் காப்பாக, மானிட்டால் என்ற மருந்தைச் சிரை வழியே ஏற்றும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை இதை முறையாகச் சோதித்தது. சிறுநீரகச் செயல்பாடு இயல்பாக இருந்த 199 பேரில் ஒரு சாராருக்கு மானிட்டால், மற்றவர்களுக்கு வெறும் திரவம். 2018-இல் வெளியான முடிவு: ஆறு மாதம் கழித்து இரு சாராருக்கும் வேறுபாடே இல்லை.

பின் எது காக்கிறது? நல்ல திசுவை எவ்வளவு விட்டுவைக்கிறார்கள், தையல் போடும்போது அதை நெரிக்காமல் இருக்கிறார்களா என்பதுதான். ஒரு சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகுகளான நெஃப்ரான்கள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. போனது மீண்டும் முளைப்பதில்லை. மிஞ்சியவை கூடுதல் சுமையைத் தூக்குகின்றன. ஐரோப்பிய அமைப்பு ஒன்று 541 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் தொடர் கண்காணிப்பு இதை அப்பட்டமாகக் காட்டியது. முழுச் சிறுநீரகத்தையும் இழந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கு வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கியது. பகுதியை மட்டும் இழந்தவர்களிலும் 65 சதவீதத்தினருக்கு இறங்கியது! வேறுபாடு பெரிது, ஆனாலும் மூன்றில் இருவர் பாதுகாப்பான கரையில் இல்லை.

இவர்களை ஏமாற்றுவது, ரத்தத்தில் அளக்கப்படும் கழிவுப்பொருளான கிரியாட்டினின். வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி குறைந்த பிறகும், ஆய்வகத் தாளில் அந்த எண் இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். அதனால் வயதையும் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் வேண்டும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லையென்றால், அரங்கில் மிச்சம் பிடித்த திசுவை வீட்டில் இழப்போம்.

எனக்கு மிகுந்த அச்சம் தருவது வலி மாத்திரை. முட்டி வலிக்கிறது என்று மருந்துக் கடையில் கேட்டால், சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் கைக்கு வருகிறது. சிறுநீரகத்துக்குள் பாயும் ரத்தத்தைக் குறைக்கும் மருந்து அது. வாந்தி, வயிற்றுப்போக்கில் உடல் வற்றியிருக்கும்போது விழுங்கினால் ஆபத்து பன்மடங்கு. கேட்டவருக்கு ஓர் அறுவை நடந்தது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டியின் அளவும் நோயியல் முடிவும் தவறாமல் இருக்கின்றன. அறுவைக்கு முன்னும் பின்னும் இருந்த இஜிஎஃப்ஆர், தொடக் கூடாத மாத்திரைகளின் பெயர்கள், அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதி — இந்த மூன்றையும் தமிழில், நோயாளி படிக்கும் அளவு பெரிய எழுத்தில் சேர்க்க அரைப் பக்கம் போதும்.