விழித்திருக்கும் மரமும் வாக்குத்தத்த அட்டையும்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிகிற வேளையில், நம் தேவாலயங்கள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டைகள் நிறைந்த தட்டு ஒன்று சுற்றிவரும். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். எரேமியா 29-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனம் கையில் கிடைத்தவரின் முகம் மலர்ந்துவிடும். வரும் ஆண்டில் தனக்கு நன்மையே நடக்கும் என்று கடவுள் கையொப்பமிட்டுக் கொடுத்ததாக எண்ணி, அதை வேதாகமத்துக்குள் செருகிக்கொள்வார். அந்த எளிய மகிழ்ச்சியைக் கேலி செய்வது நம் நோக்கமன்று. ஆனால் நாம் மதிக்கும் ஒரு கவிஞனின் நூலை இப்படி வரிவரியாக நறுக்கி விநியோகித்தால் சும்மா இருப்போமா? எரேமியாவுக்கு இது நேரும்போது மட்டும் இலக்கிய வாசகர்களாகிய நாம் மௌனம் காப்பது ஏன்? பக்தியின் பெயரால் செய்யப்படுவதாலேயே ஒரு பிழையான வாசிப்பு விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆனதோத் என்னும் சிற்றூரின் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர் எரேமியா. யோசியா அரசனின் 13-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 627-இல், அவருக்கு அழைப்பு வருகிறது. பிடுங்கவும் இடிக்கவும் அழிக்கவும் கவிழ்க்கவும், பிறகு கட்டவும் நாட்டவும் அவர் ஏற்படுத்தப்படுகிறார். உடனே முதல் தரிசனம். என்ன காண்கிறாய் என்று கடவுள் கேட்கிறார். வாதுமைக் கிளை என்கிறார் இளைஞர். சரியாகக் கண்டாய் என்று பாராட்டிவிட்டு, தம் சொல்லை நிறைவேற்றுவதைப் பற்றிப் பேசுகிறார் கடவுள். தமிழில் படிக்கிறவருக்குக் கிளைக்கும் இந்த விளக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காது.

எபிரேயத்தில் வாதுமை ‘ஷாகேத்’. விழித்திருந்து கவனிப்பவர் ‘ஷோகேத்’. இரண்டுக்கும் ஒரே வேர். குளிர்காலம் முற்றும் முடியுமுன்னரே, இலை தளிர்ப்பதற்கும் முன்பாகப் பூத்துவிடுவது அந்நாட்டு வாதுமை. பிற மரங்கள் உறங்கும்போது விழித்துக்கொள்ளும் மரம் என்பதால் பெயரும் பொருந்திவிடுகிறது. ஆமோஸின் 8-ஆம் அதிகாரத்திலும் கோடைப்பழத்தைக் குறிக்கும் ‘காயிட்ஸ்’ என்ற சொல்லிலிருந்து முடிவைக் குறிக்கும் ‘கேட்ஸ்’ பிறக்கிறது. காளமேகத்தைச் சுவைத்து வளர்ந்த நமக்குச் சிலேடை புதிதல்ல. ஆனால் இங்கே சிலேடை வித்தைக்காக வரவில்லை. தரிசனத்தின் பொருளே அதற்குள்தான் இருக்கிறது.

இதை மொழிபெயர்ப்பது கடினம் என்பதை மறுக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எபிரேயத்திலிருந்து லத்தீனுக்குப் பெயர்க்கத் தொடங்கிய ஜெரோம், மரத்தின் பெயரையே கைவிட்டு ‘விழித்திருக்கும் கோல்’ என்ற பொருளில் எழுதினார். மரம் போனாலும் பொருள் தங்கியது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்போ மரத்தை வைத்துக்கொண்டு, விழித்திருத்தலை விரைவுபடுத்துதலாக்கியது. ஹென்றி பவர் குழுவினரின் 1871-ஆம் ஆண்டுத் தமிழ்த் திருத்தத்தின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பிலும் இங்கே ‘தீவிரமாய்’ என்றே காண்கிறோம். அதே வினை 31-ஆம் அதிகாரத்திலும் 44-ஆம் அதிகாரத்திலும் திரும்ப வரும்போது ‘ஜாக்கிரதை’ ஆகிவிடுகிறது. நூல் முழுவதும் ஓடும் ஒரே இழை தமிழில் இப்படி அறுந்துபோயிற்று.

அறுந்த இழையை முடிந்து பார்த்தால் என்ன தெரிகிறது? வாதுமைக் கிளையை அடுத்த தரிசனம், வடக்கிலிருந்து சாய்ந்து கொதிக்கும் பானை. வரவிருக்கும் படையெடுப்பின் அடையாளம் அது. ஆக, கடவுள் முதலில் விழித்திருப்பது பேரழிவைக் கூறும் தம் சொல்லின்மீதே. 31-ஆம் அதிகாரம் 28-ஆம் வசனமோ, பிடுங்கவும் இடிக்கவும் விழித்திருந்தவரே இனிக் கட்டவும் நாட்டவும் விழித்திருப்பார் என்கிறது. எகிப்துக்கு ஓடிப்போனவர்களிடம் பேசும் 44-ஆம் அதிகாரம், அவர்கள்மேல் தீமைக்கென்றே அவர் விழித்திருப்பதாகச் சொல்கிறது. எரேமியா அறிந்த இறைப் பராமரிப்பு இதுதான். இடிப்பதும் கட்டுவதும் ஒரே விழிப்பின் இரு செயல்கள். ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு மற்றதை மட்டும் அட்டையில் அச்சிட முடியாது.

அட்டையில் அச்சாகும் அந்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 597-இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் பகுதி அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், சிறைப்பட்டிருக்கும் நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது கடிதம். 11-ஆம் வசனத்தின் ஆறுதலுக்கு முன்னால், 10-ஆம் வசனத்தில் 70 ஆண்டுகள் நிற்கின்றன. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பி வரப்போவதில்லை. இதற்கு முந்தைய அதிகாரத்தில், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் முழங்கி, எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான் அனனியா. மக்களுக்குப் பிடித்த செய்தி அவனுடையதுதான். நம் அட்டைகளில் எரேமியாவின் பெயர் இருக்கிறது, குரல் அனனியாவுடையது.

துயரத்தில் இருப்பவனிடம் 70 ஆண்டுக் கணக்கைச் சொல்வது இரக்கமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு எரேமியாவே தம் வாழ்க்கையால் பதில் சொல்லியிருக்கிறார். சிதேக்கியா அரசனின் 10-ஆம் ஆண்டில் பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும் என்று சொன்னதற்கான தண்டனை அது. அந்த நிலையில்தான் தந்தையின் சகோதரர் மகன் அனாமெயேலிடமிருந்து ஆனதோத்து நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். பத்திரம் நெடுநாள் இருக்கும்படி அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அழிவு வராது என்று நம்பியவர் செய்த காரியமல்ல இது. நகரம் விழும் என்றும், பிறகொரு நாள் அங்கே நிலம் வாங்குவார்கள் விற்பார்கள் என்றும் ஒருசேர நம்பியவர் செய்தது.

துயரப்படுகிறவனுக்குக் கொடுக்கத் தகுந்த ஆறுதல் இதுவே என்று நாம் கருதுகிறோம். அதை ஓர் அட்டையில் அடக்க முடியாது. அட்டையை வைத்திருப்பவர்கள் வைத்திருக்கட்டும். ஆனால் எரேமியா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கி, 29-ஆம் அதிகாரத்தையும் 32-ஆம் அதிகாரத்தையும் ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட்டு வைத்திருக்கட்டும்.