பக்கத்து வீட்டு ஆசிரியை

தொண்டு நிறுவனம் ஒன்றுக்குப் பரிசு கிடைத்தால் செய்தியைப் படித்து மகிழ்கிறோம்; எதற்காகக் கிடைத்தது என்று ஆராய்வார் சிலரே. ‘பிரதம்’ என்னும் கல்வித் தொண்டு நிறுவனத்தின் வரலாறு, பிழைப்பு நாடி வெளிமாநிலத்தில் குடியேறிய நம்போன்ற குடும்பத்தார் ஆராய்ந்து அறியத்தக்கதாகும்.

1995-ஆம் ஆண்டில் மும்பைக் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்காக அந்நிறுவனம் தொடங்கப்பெற்றது. கட்டடத்துக்குக் காத்திராமல், கோயிலிலும் வீட்டிலும் கிடைத்த இடத்தில் பாடம் நடத்தினர். பின்னர் ‘பால்சகி’, அதாவது குழந்தையின் தோழி, என்றொரு திட்டம் வகுத்தனர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த அப்பகுதி இளம்பெண்களே அத்தோழியர். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, நாள்தோறும் இரண்டு மணிநேரம் எழுத்தும் கணக்கும் கற்பித்தனர்.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் இதன் பயனை அளந்தவர்களுள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் அடங்குவர்; 2019-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் இவர்கள். மிகவும் பின்தங்கிய பிள்ளைகளே மிகுதியாக முன்னேறினர் என்பது அவர்கள் கண்ட உண்மை. திட்டத்தை விட்டு நீங்கி ஓராண்டு ஆனதும் பயனிற் பெரும்பகுதி தேய்ந்தது என்பதும் அவர்கள் கண்டதே.

நிறுவனரில் ஒருவரான மாதவ் சவானுக்கு 2012-இல் ‘வைஸ்’ பரிசும், ருக்மிணி பானர்ஜிக்கு 2021-இல் ‘யிதான்’ பரிசும் கிடைத்தன. பெருமைக்குரிய இப்பரிசுகளுக்கு அடித்தளம், பக்கத்து வீட்டுப் பெண் நாள் தவறாமல் ஒதுக்கிய அந்த இரண்டு மணிநேரமேயாகும்.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். வீட்டில் தமிழ், தெருவில் வேறு மொழி, பள்ளியில் மற்றொன்று. இம்மூன்றனுக்கும் இடையே எந்த எழுத்தும் கைவராமல் நம் பிள்ளைகளிற் சிலர் திணறுகின்றனர். பாடநூலின் எழுத்தை அறியாத தாய் என் செய்வாள்? இரவுப் பணி முடித்து வரும் தந்தைக்கோ கண் விழிக்க இயலவில்லை. பிள்ளை பள்ளிக்குப் போகிறான் என்பதே போதுமென்று இருந்துவிடுகிறோம்.

ஆண்டுவிழாவில் முதல் மதிப்பெண் பெற்றவர்க்குக் கேடயம் வழங்கும் நாம், கடைசி வரிசைப் பிள்ளையைப் பற்றி விசாரித்ததுண்டா? இவ்வூரிலேயே பிறந்து, இவ்வூர் எழுத்தையும் கற்றுப் பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். மாலை வேளையில் இரண்டு மணிநேரம் சங்க அறையைத் திறந்துவிடுவோம். கற்பிக்கும் பெண்ணுக்குச் சிறு ஊதியமும் அளிப்போம். மூன்று மாத ஆர்வமாக இது முடிந்துவிடலாகாது. அன்பர்கள் இன்றிரவே இரண்டாம் வகுப்புக் கதை ஒன்றைத் தம் பிள்ளையிடம் தந்து படிக்கச் சொல்லிக் கேட்பார்களாக. யாருக்கு உதவி தேவை என்பது அப்போது தெரிந்துவிடும்.