டீன் என்றொரு பழைய துயரம்



ஆங்கில இலக்கியம் படிக்கும் கல்லூரி வாசகி ஒருவரின் கடிதம் இந்த மாதத் தபாலில் வந்தது. 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தில் ஜூலியட்டை வளர்த்த செவிலி தன் பேச்சின் நடுவே 'டீன்' என்கிறாளே, அது வயதைச் சொல்கிற டீன்தானா என்று கேட்டிருக்கிறார். இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு நகர மனம் வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

அந்த டீனுக்குத் துயரம் என்று பொருள். இன்றைய ஆங்கிலப் பேச்சில் யாரும் அதைப் புழங்குவதில்லை. மிகப் பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச் சொல்லுக்கு, ஒருவர் இன்னொருவருக்கு இழைக்கும் தீங்கு, அவமதிப்பு என்றுதான் பொருள் இருந்தது. நாளாவட்டத்தில் அது தீங்குக்கு ஆளானவரின் கோபத்தையும் குறித்தது, வருத்தத்தையும் குறித்தது. 14ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் பிளௌமேன்' காவியத்தில் உழவன் பியர்ஸுக்குப் பாவமன்னிப்புப் பத்திரம் ஒன்று வருகிறது. அதைப் படித்துப் பார்த்த பாதிரியார், இதில் மன்னிப்பு எதையும் காணோம் என்கிறார். பியர்ஸ் பத்திரத்தை இரண்டாகக் கிழித்துவிடுகிறான். எதனால் கிழித்தான் என்பதற்குக் கவிஞர் வைத்திருப்பது இந்த ஒரு சொல்லைத்தான். கோபத்திலா, மனம் நொந்தா? அறிஞர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். எனக்கு இரண்டுமாகவே படுகிறது. நியாயம் கிடைக்காதவன் அழுகையில் கோபம் கலக்காமல் எப்படி இருக்கும்? அந்தக் காவியத்தின் பிற்காலத் திருத்த வடிவத்தில் கிழிக்கும் காட்சியே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பேச்சில் தேய்ந்த பிறகும் கவிதையில் இச்சொல் நெடுநாள் நின்றதற்கு இயைபு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். துயரத்துக்குப் பழகிய சொல்லான 'சாரோ'வுக்கு இயைபு தேடினால் 'டுமாரோ', 'பாரோ' என்று ஒரு சிலதான் அகப்படும். டீனுக்கோ 'சீன்', 'குயீன்', 'கிரீன்' என்று வரிசையாக வந்து நிற்கும். ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் கிழட்டு யார்க் சீமாட்டி, கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவள், மிஞ்சியிருக்கும் ஒரே மகனோ கொலைகாரன். தன் எண்பது சொச்சம் ஆண்டுத் துன்பத்தை அவள் இயைபுள்ள இரண்டே வரியில் கணக்குப் பார்க்கிறாள். அந்தக் கணக்கு முடிகிற சொல் டீன். (உண்மையில் சீமாட்டி பிறந்தது 1415இல், அந்தக் காட்சி நடக்கும் 1483இல் அவருக்கு 68 வயது. ஷேக்ஸ்பியர் கூட்டிய வயது துயரத்தின் வயது என்றே எடுத்துக்கொள்கிறேன்.)

இனி செவிலி. ஜூலியட்டுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை என்று வீட்டில் பேச்சு எழுகிறது. என் பல் 14ஐப் பந்தயம் வைக்கிறேன் என்று முந்திக்கொள்கிறாள் செவிலி. ஆனால் தன் 'டீனுக்கு', அதாவது தன் துரதிர்ஷ்டத்துக்கு, வாயில் மிச்சம் நாலுதான் என்கிறாள். ஆங்கிலத்தில் 14 என்ற எண்ணுக்குள்ளேயே நாலும் இருக்கிறது, டீனும் இருக்கிறது. எண்ணில் வரும் டீனும் துயர டீனும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. ஓசை ஒன்றானதால் ஷேக்ஸ்பியர் கோத்துவிட்டார்.

அதோடு விடவில்லை அவர். சில வரிகளிலேயே செவிலி, ஜூலியட்டும் சூசனும் ஒரே வயது என்கிறாள். சூசன் அவள் வயிற்றில் பிறந்த பெண். இறந்துவிட்டாள். பால்குடி வயதில் ஜூலியட்டுக்குப் பால் ஊட்டியது செவிலிதான். மகள் கடவுளிடம் இருக்கிறாள், அவளை வைத்துக்கொள்ளத் தனக்குக் கொடுப்பினை இல்லை என்கிற அளவில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். உடனே நிலநடுக்கம் வந்த வருஷத்துக்கும், மார்பில் கசப்பு தடவி ஜூலியட்டைப் பால் மறக்கடித்த நாளுக்கும் தாவிவிடுகிறாள். பல் விழுந்ததற்குத் துயரச் சொல் இருந்தது. பெற்ற பெண்ணைச் சொல்லும்போது அந்தச் சொல்லும் இல்லை, வேறொன்றும் இல்லை. மேடையில் இந்தப் பேச்சைச் சிரிப்புக்காக விரட்டிக்கொண்டு போகிறவர்கள் சூசனைத் தவறவிடுகிறார்கள்.

இரண்டரை நூற்றாண்டு தள்ளி, 1853இல், கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் 'தி ஸ்காலர் ஜிப்ஸி' கவிதையில் டீனை எடுத்தாண்டார். பள்ளி ஆய்வாளர் வேலையில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தவர் அவர். இன்பமும் துன்பமும் மாறி மாறி மோதி, நரம்பு தளர்ந்த நவீன மனிதனைச் சொல்ல இந்தப் பழஞ்சொல் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. மூன்று வரி தள்ளி 'பீன்' என்று இயைபு விழுகிறது. இயைபுக்காக மட்டும் அதைத் தொட்டார் என்று நான் நம்பவில்லை. கோபம், அவமானம், அலுப்பு எல்லாம் படிந்த துயரத்தைச் சொல்ல 'சாரோ' போதாது.

1940களில் 'டீனேஜர்' பரவிய பிறகு, அந்த ஓசையைக் கேட்டதும் எவருக்கும் இளமைதான் நினைவுக்கு வருகிறது. துயர டீன் இன்று அடிக்குறிப்பின் துணையில்லாமல் புரிவதில்லை.

நீங்கள் படித்த எந்த மொழியிலாவது இப்படிப் பேச்சில் மறைந்து கவிதையில் தங்கிவிட்ட துயரச் சொல் ஒன்று இருந்தால், அது வரும் இடத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கென்றே பக்கம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்