சீனக் கஷாயமும் சில கேள்விகளும்

விடுதிச் சாப்பாட்டைப் பழித்து நம் சங்க மலரில் கட்டுரை வராத ஆண்டு இராது. ராஜ்மாவையும் கடுகெண்ணெயையும் வைய இன்னொருவன் தேவையில்லை. அவற்றை உண்டபின் நம்மவர் அறைகளில் எழும் வாதம் ஒன்று உண்டே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சென்ற தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு என் அறை நண்பருக்கு வயிறு கெட்டது. ஒரு நாள் பேதி, மறுநாள் மலக்கட்டு, எந்நாளும் உப்பல். சோதனைகள் யாவும் செய்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. டாக்டர் ஒரு சீட்டில் 'ஐ.பி.எஸ்.' என்று எழுதிக் கொடுத்தார். (அதைப் போலீஸ் உத்தியோகம் என்று எண்ணி ஊரில் அவருடைய தாயார் பாயசம் வைத்ததாக ஒரு வதந்தி; நம்ப வேண்டாம்.) குடலில் புண்ணோ கிருமியோ காணக் கிடையாமல், அதன் அசைவும் உணர்ச்சியும் நிலைதடுமாறி ஆளை வாட்டும் நோய் அது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் உயிரை வாங்கும்.

நண்பரின் மாமா ஊரிலிருந்து ஒரு சீசா லேகியம் அனுப்பினார். அன்றிரவே அறையில் இரண்டு கட்சிகள் தோன்றின. மருத்துவம் பயிலும் அண்ணன் ஒருவர், "அரைத்து உருட்டியதெல்லாம் மருந்தாகிவிடுமா? குப்பையில் போடு தம்பி" என்றார். தமிழ் முதுகலை பயிலும் அன்பர் பொங்கி எழுந்தார். "ஈராயிரம் ஆண்டு அனுபவத்தையா குப்பை என்கிறீர்? சீனாக்காரனைப் பாரும்! தன் பழைய வைத்தியத்தை உலகமே ஒப்புக்கொள்ளும்படி செய்துவிட்டான். நோபல் பரிசும் வாங்கிவிட்டான்!"

'சீனாக்காரனைப் பார்' என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. பார்த்துத்தான் விடுவோமே என்று சில மாலைப் பொழுதுகளை நூல்நிலையத்தில் கழித்தேன். அங்கே கண்டது எந்தக் கட்சிக்கும் முழு மகிழ்ச்சி தருவதன்று.

வயிற்றை முதன்மையாக வைத்துப் போற்றிய வைத்தியம் சீன வைத்தியம். அவர்கள் நூலில் செரிமானத்துக்கு அதிகாரி மண்ணீரல். அது தளர்ந்தால் பசி போகும், வயிறு ஊதும், உடல் சோரும் என்பர். கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர், நெஞ்சுக்குக் கீழே அடைத்தாற்போல் இருக்கும் நோய்க்கு எழுதிய கஷாயம் இன்றும் வழக்கில் உள்ளது. சரக்குகள் ஏழு. அவற்றில் சுக்கு, அதிமதுரம், இலந்தை ஆகிய மூன்றும் நம் பாட்டிமார்க்குத் தெரிந்தவையே.

முதலில் நோபல் பரிசை ஒதுக்கிவிடுவோம். 2015-இல் து யூயூ அம்மையார் பெற்ற அப்பரிசு மலேரியா மருந்துக்கானது, வயிற்றுக்கானது அன்று. 4-ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்று மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னதைக் கண்டு, சூடுபடுத்துவதால்தான் மருந்து கெடுகிறதோ என்று ஐயுற்றார் அவர். குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சாரம் இறக்கினார். எலியிலும் குரங்கிலும் சோதித்து, பின்னரே மனிதரிடம் சென்றார். ஏட்டை அவர் மதித்தார். அதே வேளையில் அதை நம்பி உட்கார்ந்துவிடவும் இல்லை.

வயிற்றுக்கு வருவோம். 1998-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், சீன வைத்தியம் பயின்ற ஆலன் பென்சூசனும் குடல் நோய் நிபுணர் நிக்கலஸ் டாலியும் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தி வெளியிட்டனர். என் நண்பரின் நோயுடைய 116 பேரை மூன்று பிரிவாக்கினர். எவர் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கலே தீர்மானித்தது. முதற் பிரிவில் ஒவ்வொருவருக்கும் அவரவர் நாடியும் உடல்வாகும் பார்த்துத் தனி மருந்து; இரண்டாம் பிரிவில் அனைவருக்கும் 20 மூலிகை கொண்ட ஒரே மருந்து; மூன்றாம் பிரிவுக்கு நிறமும் மணமும் சுவையும் அவ்வாறே இருக்க, உள்ளே மூலிகை இல்லாத வெற்று மருந்து. யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது. நோயை மதிப்பிட்ட டாக்டருக்கும் தெரியாது. இவ்வாறு 16 வாரம்.

மூலிகை உண்ட இரு பிரிவினரும் வெற்று மருந்து உண்டவர்களைவிடத் தெளிவாக நலம் பெற்றனர். மருத்துவ அண்ணன் இங்கே சற்றுத் தலை குனிய வேண்டும். ஆனால் தனித்தனியே நாடி பார்த்துக் கொடுத்த மருந்து, எல்லோர்க்கும் பொதுவாகக் கொடுத்த மருந்தைவிட மேலாக இல்லை! இது நம் இலக்கிய அன்பருக்கு இடி. 'ஆளுக்கு ஆள் மருந்து வேறு' என்பதல்லவா பழைய வைத்தியங்களின் உயிர்? அவர் முகம் வாடுமுன் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்: மருந்தை நிறுத்தி 14 வாரம் கழித்துப் பார்த்தபொழுது, தனி மருந்து உண்டவர்களுக்கே நலம் நிலைத்திருந்தது. என்ன அழகான முடிச்சு! வாதமேடையில் ஆயிரம் ஆண்டு பேசினாலும் இப்படி ஒரு விடை நமக்குக் கிட்டியிருக்குமா?

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2006-இல், ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு சோதனையை வெளியிட்டனர். பேதி மிகுந்த வகையினர் 119 பேர், 11 மூலிகைச் சாரம், 8 வாரம். மூலிகை உண்டவர்களில் நூற்றுக்கு 35 பேர் நலமென்றனர். வெற்று மருந்து உண்டவர்களில் 44 பேர்! அந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதே. மூலிகை தீங்கு செய்தது என்று பொருளில்லை. மூலிகைகளும் கால அளவும் வேறாதலால் சிட்னி முடிவு பொய்யாகிவிடவும் இல்லை. இருப்பினும் சீனர்களே, சீன மருந்தை, சீன நகரில் சோதித்துப் 'பயன் காணவில்லை' என்று அச்சிட்டார்களே, அந்த நெஞ்சுரத்தை எண்ணிப் பாருங்கள்.

அந்த 44 என்ற எண்ணையும் மறக்க வேண்டாம். ஒன்றுமில்லாததை உண்டு பாதிப்பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் குணமடைகிறார்கள். 'எனக்குக் கைகண்ட மருந்து' என்று சொல்பவர் பொய்யர் அல்லர். தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதை அறியாதவர்.

இனி வருவது கசப்பு. 2006-இல் இந்நோய்க்கான மூலிகைச் சோதனைகளையெல்லாம் திரட்டி ஆய்ந்த காக்ரேன் அறிக்கையில் 75 சோதனைகள் இடம்பெற்றன. தரம் உயர்ந்தவை 3 மட்டுமே. 1998-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, நாடு நாடாக முடிவுகளை எண்ணிப் பார்த்தது. சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் சோதனைகள் அனைத்தும் வெற்றி! ஏனைய மருத்துவச் சோதனைகளில் இங்கிலாந்தில் நூற்றுக்கு 75 வெற்றி என்றால் சீனாவில் 99. தோல்வியே இல்லாத தேர்வு முடிவைக் கண்டால் எந்த மாணவனுக்கும் வினாத்தாளின் மேல் சந்தேகம் வருமா, வராதா?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முனைந்தவர்களும் சீனர்களே. செங்டு நகரத்து ஆராய்ச்சியாளர்கள், குலுக்கல் முறையில் நடத்தியதாகச் சீன இதழ்களில் வந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகளைத் திரட்டி, எழுதியவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டனர்: "ஐயா, எப்படிக் குலுக்கினீர்கள்?" புது மருந்து, பழ மருந்து இரண்டும் அவற்றில் அடக்கம். முறைப்படி குலுக்கியவை 207. நூற்றுக்கு ஏழு கூட இல்லை. 2009-இல் இதை உலகறிய வெளியிட்டார்கள். 'சீனாக்காரனைப் பார்' என்று இனி யாரேனும் சொன்னால் நான் பார்க்கப் போவது இந்தத் தொலைபேசிக்காரர்களைத்தான்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஜாங் ஜோங்ஜிங்கின் அந்த ஏழு சரக்குகளில் ஹுவாங்லியன் என்ற மஞ்சள் வேரும் ஒன்று. அதன் சாரம் பெர்பெரின். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சளிலும் இருப்பது அதுவே. 1967-இல் கல்கத்தா டாக்டர்கள் காலராவிலும் கடும் பேதியிலும் அதைச் சோதித்து எழுதினர். 1987-இல் டாக்காவில் 165 பேரிடம் குலுக்கல் முறையில் பார்த்தனர். ஈ. கோலிக் கிருமியின் ஒரு வகையால் வந்த பேதி, 24 மணி நேரத்தில் நூற்றுக்கு 42 பேருக்கு நின்றது. மருந்து பெறாதவர்களில் 20 பேருக்கே நின்றது. காலராவிலோ பயன் சொற்பம். ஒரே வேர், ஒரு கிருமிக்கு ஆம், இன்னொன்றுக்கு ஏறக்குறைய இல்லை. 'வயிற்றுக்கு நல்லது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் என்ன தெரிந்துகொள்கிறோம்?

'நாட்டு மருந்துதானே, கேடு செய்யாது' என்பாரும் உளர். அதிமதுரத்தைப் பாருங்கள். 1946-இல் ரெவர்ஸ் என்ற ஹாலந்து டாக்டர் அதன் சாரம் வயிற்றுப் புண்ணை ஆற்றுவதாக எழுதினார். அதே மருந்தால் சிலருக்கு உடல் வீங்கியதையும் எழுதினார். பின்னர் 1960-களில் இங்கிலாந்தில் அதன் வழிவந்த கார்பினாக்சலோன் புண்ணுக்கு மருந்தாகப் புழங்கியது. அதுவும் சிலருக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றியது. பெல்ஜியத்தில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. 1990-களின் தொடக்கத்தில், மெலிவதற்கென்று கொடுத்த மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக வேறொன்று கலந்துவிட, நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதாயிற்று. நமது ஈசுரமூலி அந்த நச்சுச் செடியின் இனமே.

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். 'சிறந்தது சித்த வைத்தியமா, மேனாட்டு வைத்தியமா' என்ற பட்டிமன்றத்தை அடுத்த விழாவிலாவது நிறுத்திவையுங்கள். நடுவர் தீர்ப்பால் ஒருவர் வயிறும் ஆறியதில்லை. நம்முள் மருத்துவம் பயில்வோர் இருக்கிறார்கள், புள்ளியியல் பயில்வோர் இருக்கிறார்கள், வேதியியல் சோதனைச்சாலையில் இரவெல்லாம் கிடப்போரும் இருக்கிறார்கள். அந்த மூவரையும் ஒரு மேசையில் அமர்த்தி, சித்த வைத்தியர் ஒருவரையும் மரியாதையோடு அழைத்து, 'இந்த மருந்தைச் சோதிப்பதென்றால் வெற்று மருந்தை எப்படிச் செய்வீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். கசப்பும் காரமும் மணமும் உள்ள லேகியத்துக்குப் போலி செய்வது எளிதன்று. சிட்னியில் செய்தார்களே!

என் நண்பருக்குத் தேர்வு முடிந்த மூன்றாம் நாள் வயிறு சரியாயிற்று. லேகியம் என்கிறார் ஒருவர். மாத்திரை என்கிறார் மற்றவர். தேர்வு முடிந்ததுதான் காரணம் என்கிறேன் நான். மூவரிடமும் சான்று இல்லை. லேகியம் உண்பதை அவர் டாக்டரிடம் கடைசிவரை மறைத்துவிட்டார் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. கேலி செய்வாரோ என்ற அச்சமாம்.

சீசா இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. மேலே சீட்டு ஒன்றும் இல்லை. உள்ளே என்னென்ன சரக்கு என்று கேட்டு மாமாவுக்குக் கடிதம் போட்டோம். சுக்கு, ஓமம், சீரகம் என்று பத்துச் சரக்குகளைக் குண்டெழுத்தில் வரிசையாக எழுதி அனுப்பியிருந்தார். பதினொன்றாம் எண்ணுக்கு நேரே, 'இது குடும்ப ரகசியம், நேரில் வந்தாலும் சொல்வதற்கில்லை' என்று கண்டிருந்தது.