கருங்காய்ச்சல் கிருமியும் கடவுள் படைப்பும்

உலகத்தில் எந்த ஒழுங்கான பொருளைக் கண்டாலும், "இதைப் படைத்தவன் ஒருவன் இல்லாமல் இது எப்படி வந்தது?" என்று கேட்பது நமது ஆஸ்திகத் தோழர்களுக்கு வழக்கமாகிவிட்டது. இந்தக் கேள்வியை ஒரு பூவையோ மயிலையோ காட்டிக் கேட்கிறார்களே ஒழிய, ஒரு நோய்க் கிருமியைக் காட்டி யாரும் கேட்பதில்லை. ஆகவே அதை நாமே காட்டுகிறோம்.

கருங்காய்ச்சல் என்று ஒரு நோய் உண்டு. வடநாட்டில் காலா அசார் என்பார்கள். மண்ணீரல் வீங்கி, இரத்தம் குன்றி, மருந்தில்லாவிட்டால் பெரும்பாலும் சாவுதான். இதன் கிருமியைக் கண்டதாக 1903-ல் லீஷ்மன், டோனவான் என்ற இருவர் தனித்தனியே வெளியிட்டார்கள். டோனவான் கண்டது நமது சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான். ஒரே ஒரு உயிரணுவே இக்கிருமியின் முழு உடம்பு. மணல் ஈயின் குடலில் நீண்டு, வாலோடு நீந்துகிறது. மனிதனுக்குள் போனதும் உருண்டையாகிவிடுகிறது.

எலும்பில்லாத இதற்கு இந்த உருவம் எப்படி வந்தது? இதன் தோலுக்கு அடியில் நுண்ணிய குழாய்கள், கூடையின் பிரம்புகளைப் போல், வரிசையாக ஓடுகின்றன. ஒரு மில்லிமீட்டரை 40,000 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு குழாயின் பருமன். டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியே இக்குழாய் ஆகிறது. வேறு புரதங்கள் குழாய்களைப் பக்கத்தில் பிணைத்து நிறுத்துகின்றன.

சரி, இந்தத் துணுக்குகளை எடுத்து அடுக்கியவன் யார்? ஒருவனும் இல்லை. 1972-ல் வைசன்பர்க் என்ற விஞ்ஞானி, மூளையிலிருந்து எடுத்த டியூபுலின் சாற்றில் கால்சியத்தைக் குறைத்து, வேண்டியவற்றைச் சேர்த்து, இளஞ்சூட்டில் வைத்தார். கண்ணாடிக் குழலுக்குள் குழாய்கள் தாமாகவே உண்டாயின. குளிரவைத்தால் அவை கரைந்துபோகும். இதில் மந்திரமுண்டா, அர்ச்சனையுண்டா? வரிசை எப்படி வந்தது என்றால், இக்கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமியைப் பாருங்கள். அது இரண்டாகப் பிரியுமுன், பழைய குழாய்களுக்கு இடையிடையே புதியவை முளைக்கின்றன. பழைய வரிசையே புதிய வரிசைக்கு வழிகாட்டி.

"அந்த டியூபுலினை உண்டாக்கியது யார்?" என்று அடுத்தபடி கேட்பார்கள். தாய்க் கிருமியிடமிருந்து வந்த மரபுப் பொருளின்படி கிருமியே உண்டாக்கிக்கொள்கிறது. இப்படியே கேட்டுக்கொண்டு போனால் தெரியாத இடம் ஒன்று வரத்தான் செய்யும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு ஆராய்வது அறிவா? அதற்கு ஒரு பெயர் வைத்துத் தேங்காய் உடைப்பது அறிவா? இல்லை, கடவுள்தான் படைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். மண் சுவர் வீட்டு ஏழைக் குழந்தையின் மண்ணீரலில் குடியிருக்க இவ்வளவு நேர்த்தியாக ஒரு கிருமியைச் செய்தவரைக் கருணாமூர்த்தி என்பது எப்படி?

நிற்க, இதெல்லாம் வெறும் வாதத்துக்காக அல்ல. உருவம் எதனால் ஆனது என்று தெரிந்தால், அதை எங்கே உடைக்கலாம் என்பதும் தெரியும். டிரைஃப்ளூராலின், ஒரிஸாலின் என்ற களைக்கொல்லிகள் செடியின் டியூபுலினிலும் இப்படிப்பட்ட கிருமிகளின் டியூபுலினிலும் ஒட்டிக்கொள்கின்றன. மனிதனுடையதில் அப்படி ஒட்டுவதில்லை. இது ஆய்வுக் கூடத்தில் கண்ட உண்மை. இன்னும் மனிதனுக்கு மருந்தாகிவிடவில்லை. ஆனால் மருந்து தேட இது ஒரு வழி.

முன்பே கிடைத்த மருந்துகளைக் கொண்டும், மணல் ஈயை ஒழித்தும், வங்காள தேசம் இந்நோயைப் பொதுச் சுகாதாரத் தொல்லையாக இல்லாமல் ஒழித்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் ஒப்புக்கொண்டது. இந்நோயைத் தலைவிதி என்றிருந்தால் இது நடந்திருக்குமா? விதியை நம்பினவன் பிணத்தைச் சுமந்தான். காரணத்தைத் தேடினவன் பிள்ளையைக் காப்பாற்றினான். இவற்றில் எது வேண்டும் என்பதைத் தோழர்களே யோசித்துக்கொள்ளட்டும்.